கட்டை விரல் பக்கம்

டாக்ஸி ஓட்டுகிற பெண்ணின் கை தன் வலது மணிக்கட்டைச் சுற்றி இறுகியதும் அவளுக்கு முதலில் தோன்றியது, இந்தக் கை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான். தற்காப்பு வகுப்பில் ஒருவர் கையைப் பிடித்தால் பயம் வர வேண்டும். பயம் வராவிட்டால் எரிச்சலாவது வர வேண்டும். அவளுக்கு இரண்டும் வரவில்லை. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து அந்த விரல்களின் அடியில் காய்ப்பு விழுந்திருந்தது. கட்டை விரல் சரியாக நாடிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. பிடித்திருக்கிறவளுக்குத் தன் நாடித்துடிப்பு கேட்டுவிடுமோ என்று ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சலவைக் கடைக்கு மேலே இருந்த நீளமான ஹாலில் சனிக்கிழமை காலைகளில் அந்த வகுப்பு நடந்தது. கீழே இயந்திரம் சுழல ஆரம்பித்தால் மேலே ரப்பர் பாய் வழியாக உள்ளங்காலில் அதிர்வு ஏறும். சொல்லிக் கொடுக்கிறவளை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். முப்பதைத் தொடாத ஒல்லிப் பெண். முதல் நாள் அவளைப் பார்த்ததும், இந்தப் பெண்ணையே யாராவது வீடு வரைக்கும் துணைக்குப் போய் விட்டுவிட்டு வர வேண்டும் போலிருக்கிறதே என்றுதான் வந்திருந்த பெண்கள் எல்லோரும் நினைத்தார்கள். மாஸ்டர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வந்திருந்தவர்களிலேயே வாட்டசாட்டமானவள் டாக்ஸி டிரைவர். அவளை அழைத்துத் தன் கையைப் பிடிக்கச் சொன்னாள். டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடித்தாள். மாஸ்டர் ஏதோ மறந்ததை எடுக்கப் போகிறவள் மாதிரி ஒரு எட்டு முன்னால் வந்தாள், அவ்வளவுதான். டிரைவரின் கை காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“கையைப் பின்னாடி இழுக்காதீங்க. இழுத்தா அது பலப்பரீட்சை ஆயிடும். அதுல நாம தோத்துடுவோம்” என்றாள் மாஸ்டர். “நாலு விரல் ஒரு பக்கம் இருக்கு, கட்டை விரல் மட்டும் இன்னொரு பக்கம் தனியா இருக்கு. வழி அந்தப் பக்கம்தான். முழங்கைய அவங்களைப் பாத்துத் தள்ளுங்க. கை தானா வெளிய வந்துடும்.”

பிறகு நிறைய விளக்கினாள். பலம் என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி, குழாயைத் திறந்தே வைத்திருந்தால் வேண்டிய நேரத்தில் சொட்டுகூட இருக்காது. பிடித்ததும் திமிறக் கூடாது. தோற்றுவிட்டவளைப் போலக் கையைத் தொளதொளவென்று விட்டுவிட வேண்டும். பிடித்தவன் ஒரு கணம் அசந்து போவான். வேகம் அந்தக் கணத்துக்கு மட்டும்தான், அதற்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பெண்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, ஜோடி ஜோடியாகப் பிரிந்து, பின்னால் இழுத்தார்கள்.

அவளுக்கு மட்டும் இது கேட்டவுடனே புரிந்துவிட்டது. பெருமைப்பட ஒன்றுமில்லை, அவள் பார்க்கிற வேலை அப்படி. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவள் அவள். லென்ஸைச் சுற்றிச் சுற்றி அழுத்துகிறவர்கள்தான் லென்ஸை உடைக்கிறவர்கள். ஒரு ஓரத்தை உட்கார வைத்துவிட்டு, எதிர் ஓரத்தில் சரியான இடத்தைத் தேடி, கட்டை விரலால் ஒரே ஒரு தள்ளு. உட்கார்ந்துவிடும். ஆகவே டிரைவர் பிடித்த முதல் தடவையே அவளுடைய கை நழுவி வெளியே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவளே பார்க்கவில்லை.

“நான் சரியா புடிக்கல போலருக்குக்கா” என்று டிரைவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடியும், இன்னும் இறுக்கமாகப் பிடித்தாள். அதற்குள் அவள் தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டிருந்தாள். விரல்கள் இருந்த இடத்தில் வெள்ளையாக நான்கு பட்டைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மறைந்தன. இரண்டாவது தடவை, மாஸ்டர் எதைச் செய்யக் கூடாது என்று சொன்னாளோ அதையே செய்தாள். பின்னால் இழுத்தாள். கை வரவில்லை. டிரைவரின் பிடி அப்படியே இருந்தது. “பரவால்லக்கா, பழகப் பழக வந்துடும்” என்று டிரைவர் ஆறுதல் சொன்னாள், பிடியை விடாமலே.

இந்த வகுப்பில் அவள் வந்து சேர்ந்ததற்கு ஒரு திருடன் காரணம். கடை முடிந்து வீட்டுக்கு நடந்து போகும்போது பின்னாலிருந்து ஓடி வந்த ஒருவன் அவளுடைய பையைப் பிடுங்கிக்கொண்டு போனான். போகிற வேகத்தில் அவனுடைய தோள் அவள் தோளில் இடித்தது. பையில் ஒரு குடையும் மாத்திரைப் பட்டையும் பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட்டும்தான் இருந்தன, அவன் வீட்டுக்குப் போய் நொந்திருப்பான். மாலையில் குளிக்கும்போது தோளில் கன்றிப் போன இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியாகத் தன் மேல் இன்னொரு மனிதரின் உடம்பு பட்டது எப்போது என்று திடீரென்று ஒரு கேள்வி எழுந்தது. யோசித்து யோசித்துப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது ஊசி குத்திய பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். அவளும் கையுறை போட்டிருந்தாள். திருடனைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்து, சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். ஈரத் தலையோடு குளியலறையில் நின்றுகொண்டு இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோமே என்று அப்புறம் அழுகை வந்தது.

கணவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன் கடல் தாண்டி வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் அவனுடைய வீடியோ அழைப்பு தவறாது. நல்ல பிள்ளை. பை போன விஷயத்தைக் கேட்டுப் பதறி, அங்கிருந்தபடியே தேடிப் பிடித்து அவளை இந்த வகுப்பில் சேர்த்துவிட்டவன் அவன்தான். என்ன கத்துக்கிட்டே, செஞ்சு காட்டு என்பான். செய்து காட்ட இன்னொரு ஆள் வேண்டுமே. தன் இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போனுக்கு முன்னால் நிற்பாள். சொந்தக் கை எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொந்த உடம்புக்குத் தெரியாதா என்ன. மகன் சிரிப்பான், மருமகளையும் கூப்பிட்டுக் காட்டுவான், அவளும் சிரித்து வைப்பாள். அழைப்பு முடிந்து திரை கறுத்த பிறகும் சில நேரம் இடது கை வலது கையைப் பிடித்தபடியே இருக்கும்.

கடையிலும் முன்பு இப்படி இல்லை. முன்பு அவள்தான் முன்னால் நிற்பாள். புதுக் கண்ணாடியை வாடிக்கையாளர்களின் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரல் நுனியை விட்டு, வளைவு சரியாக இருக்கிறதா, உறுத்துகிறதா என்று பார்ப்பாள். எத்தனையோ பேருடைய காதுமடலின் சூடு அந்த விரல்களுக்குத் தெரியும். உங்களுடைய கைத்திறமையை முன்னால் நிறுத்தி வீணடிக்கக் கூடாது என்று சொல்லி முதலாளி அவளைப் பின்னறைக்கு அனுப்பினார். பாராட்டி அனுப்பினால் எப்படி மறுப்பது. இப்போது முன்னால் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். பின்னறையில் கண்ணாடியும் கம்பியும் குறடும்தான்.

ஆக, சனிக்கிழமை அவளுக்கு வெறும் சனிக்கிழமையாக இல்லை. வெள்ளிக்கிழமையே கைக்கு கிரீம் தடவிக்கொள்ள ஆரம்பித்துவிடுவாள். மற்ற ஜோடிகள் மணிக்கட்டை முடித்துவிட்டுக் கழுத்துப் பிடிக்குப் போனார்கள், பின்னாலிருந்து கட்டிப் பிடிப்பதற்குப் போனார்கள். இவர்கள் இருவர் மட்டும் பள்ளிக்கூடத்தில் ஃபெயிலான பிள்ளைகளைப் போல முதல் பாடத்திலேயே நின்றார்கள். அவசரமில்லை ஆன்ட்டி என்று மாஸ்டர் சொன்னாள். டிரைவர் அவளுக்காகக் கஷ்டப்பட்டாள். பிடித்த கையை விடாமல் காலை இப்படி வைங்கக்கா, இடுப்பைத் திருப்புங்கக்கா என்று சொல்லிக் கொடுத்தாள். நடுவில் பேச்சு வேறு பக்கம் போகும், வண்டியின் கியர் பெட்டி, படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா, அவருக்குப் பிடித்த ரேடியோ நிகழ்ச்சி. கை மட்டும் பிடித்தபடியே இருக்கும். வாழ்க்கையில் எந்தப் பாடத்திலும் இவ்வளவு ஆசையாக அவள் தவறு செய்ததில்லை.

பிடிக்கிற முறை அவளுக்கு வரும்போது இன்னொரு சங்கடம். குறடு பிடித்துப் பழகிய கையில் உடும்புப் பிடி உண்டு. ஆனால் டிரைவரின் மணிக்கட்டை அவள் சூடான டம்ளரைப் பிடிப்பதுபோலத்தான் பிடிப்பாள். வலித்தால் டிரைவர் கையை எடுத்துவிடுவாளே என்று. டிரைவர் முரட்டுத்தனமாகப் பின்னால் ஒரு இழு இழுப்பாள், கை வந்துவிடும். நீங்க புடிக்கறது ஒரு புடியாக்கா என்று டிரைவர் குறைப்பட்டுக்கொள்வாள்.

டிரைவர் வகுப்புக்கு வந்த காரணம் ஒரு நாள் பாய்களை அடுக்கும்போது தெரிந்தது. பகல் முழுக்க அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சனிக்கிழமை வகுப்பு நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டம்மா வந்து உட்காருவாள். மாலையில் தம்பி வேலை முடிந்து வந்த பிறகுதான் அவளால் வண்டியை எடுக்க முடியும். அப்படி ஒரு மாலையில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்த ஒருவன், கியரின் மேல் இருந்த அவளுடைய கையின் மேல் தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டான். “சும்மா பேசிக்கிட்டே வந்தான்க்கா. சிரிச்சுக்கிட்டே. நான் இழுக்க இழுக்க இறுக்கறான். கியரும் மாத்த முடியல” என்றாள் டிரைவர். நாற்சந்தியில் வண்டி நின்றுபோய், பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து, ஆட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகு, சேர வேண்டிய இடம் வந்துவிட்டவன் போல அவன் இறங்கிப் போனான். அன்றிலிருந்து மாலையில் வண்டி எடுப்பதில்லை. மாலையில் எடுக்காவிட்டால் எப்போதுமே எடுக்க முடியாது. இதைக் கற்றுக்கொண்டுவிட்டால் தைரியம் வந்துவிடும் என்று வந்திருக்கிறாள்.

அதைக் கேட்ட அன்றே அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் இருந்தாள். அடுத்த சனிக்கிழமை டிரைவர் வந்து கையைப் பிடித்ததும், அதற்கடுத்த சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

வகுப்பு முடிந்தால் டிரைவர் அவளைத் தன் வண்டியில் வீட்டுத் தெரு முனையில் இறக்கிவிட்டுப் போவது வழக்கம். ஒரு சனிக்கிழமை அப்படித்தான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாதி வழியில் டிரைவர், சாதாரணமாகச் சொல்வதுபோல, அடுத்த வாரத்திலிருந்து வரமாட்டேன் என்றாள். நாளைக்கு வண்டியைப் பார்க்க ஆள் வருகிறார்கள், விற்றுவிடப் போகிறாள்.

“ஏன்?”

“எனக்கு இது வராதுக்கா. நீங்க எவ்வளவு சின்சியரா செய்யறீங்க. ஒரு வாரம் தவறாம வர்றீங்க. என் கையிலேருந்தே உங்களால வர முடியல. அவன் மாதிரி ஒருத்தன் புடிச்சா நான் எங்க வரப்போறேன்? அந்தப் பொண்ணு சின்ன வயசு, செஞ்சு காட்டுது. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது வேலைக்காகாது.” கொஞ்ச தூரம் போன பிறகு, “வண்டி போனா நான் வீட்டுக்குள்ளயேதான் இனிமே. அப்பாவோட ரேடியோ கேக்க வேண்டியதுதான்” என்றாள்.

வீட்டுக்குள்ளேயே இருப்பது என்றால் என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும். வேலைக்குப் போகிற நேரம் போக மீதி வாழ்க்கை முழுவதும் சுவரையும் சன்னலையும் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். அந்த வாழ்க்கையை இவளுக்கும் தூக்கிக் கொடுத்தாகிவிட்டது, ஒரு கைச் சூட்டுக்காக. தன் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“வண்டிய கொஞ்சம் ஓரமா நிறுத்தும்மா” என்றாள்.

டிரைவர் ஒரு பெரிய கட்டடத்தின் மதில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். அவள் கியரின் குமிழ் மேல் தன் கையை வைத்தாள்.

“அவன் புடிச்ச மாதிரி புடி.”

டிரைவருக்கு இஷ்டமில்லை. எதுக்குக்கா இப்ப என்றாள். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் டிரைவர் பிடித்தாள். வகுப்பை விட்டுப்போகிற கோபமும் வண்டி போகிற துக்கமும் சேர்ந்து, இதுவரை பிடிக்காத பிடியாகப் பிடித்தாள். உள்ளே எழுந்து நிற்க இடமில்லை, காலை எடுத்து வைக்க இடமில்லை, முழங்கை சீட்டில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் கையைத் தளர விட்டாள். இதுதான் கடைசி என்று தெரிந்ததால் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள். காய்ப்பு விழுந்த விரல்கள், நாடியின் மேல் கட்டை விரல், அந்தச் சூடு. அப்புறம் முழங்கையை டிரைவரை நோக்கி ஒரு சாண் தள்ளினாள். கை வெளியே வந்துவிட்டது.

டிரைவர் தன் வெறும் கையைப் பார்த்தாள். “இன்னொரு தடவை” என்றாள். இன்னொரு தடவையும் வந்தது. மூன்றாவது தடவை டிரைவர் பிடிக்கவில்லை.

“இது எப்ப வந்துச்சு உங்களுக்கு?”

இப்பதான் என்று சொல்லியிருக்கலாம். டிரைவர் நம்பியும் இருப்பாள், சந்தோஷப்பட்டும் இருப்பாள். ஆனால் அது ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்தது என்று அவளுக்குத் தோன்றிவிடும். அதிர்ஷ்டத்தை நம்பி யாராவது மாலையில் வண்டி எடுப்பார்களா.

“மொத நாளே” என்றாள்.

“அப்புறம் ஏங்க்கா…”

“வந்துட்டா நீ கையை விட்டுடுவியே.”

டிரைவர் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மதிலில் ஒட்டியிருந்த பழைய விளம்பரம் ஒன்றின் கிழிந்த மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் நாயோடு நடந்து போனார். ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவள் காத்திருந்தாள்.

“படுத்துக்கிட்டு யோசிப்பேன்க்கா” என்றாள் டிரைவர், திரும்பாமலே. “அக்காவுக்கே வரலையேன்னு. அப்படி நெனச்சுதான் வண்டிக்கு ஆள் பாத்தேன்.”

அவள், புரியுது என்றாள். தப்புதான் என்றாள். எத்தனை தடவை சொன்னாலும் அது அந்த இரண்டு வார்த்தைதான்.

நெடுநேரம் கழித்து டிரைவர் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தன் கையைக் கியரின் மேல் வைத்தாள். “புடிங்க. இந்தத் தடவை நெஜமா.”

அவள் நிஜமாகப் பிடித்தாள். இந்த மெலிந்த கையில் இவ்வளவு பலம் இருந்ததா என்று டிரைவர் திடுக்கிட்டது தெரிந்தது. வழக்கம்போலப் பின்னால் இழுத்தாள், வரவில்லை. இன்னும் இழுத்தாள். தோளெல்லாம் இறுகி, மூச்சு வாங்கி, கண்களில் அந்த நாற்சந்தி வந்துவிட்டது. விட்டுவிடலாமா என்று பிடித்திருந்தவளுக்கு மனது அடித்துக்கொண்டது. விடவில்லை.

“இழுக்காத. தளர்த்திடு” என்றாள். “மொத்தமா தளர்த்திடு. இப்ப எங்கிட்ட வா.”

டிரைவர் தளர்த்தினாள். ஒரு கணம் அந்தப் பெரிய கை முழு எடையோடு அவளுடைய பிடிக்குள் கிடந்தது. அப்புறம் முழங்கை அவளுடைய விலாவை நோக்கி வந்தது. கை, கட்டை விரல் பக்கமாக நழுவி, போய்விட்டது.

டிரைவர் மறுபடியும் கையை வைத்தாள். அவள் மறுபடியும் பிடித்தாள், இன்னும் இறுக்கமாக. மறுபடியும் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் டிரைவருக்குத் தேவைப்பட்ட பலம் குறைந்துகொண்டே வந்தது, நேரமும் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பிடித்தோம் என்று அவளுடைய விரல்களுக்குத் தெரிவதற்குள் அங்கே கை இல்லை. நன்றாகச் செய்கிறாள் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையான சந்தோஷம்தான் அது, ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை குளிர்ந்தது.

“கை வந்தா மட்டும் போதுமா, இறங்கிப் போயிடணும்ல. அதையும் பாத்துடறேன்” என்றாள் டிரைவர்.

பிடிக்கச் சொன்னாள். அவள் பிடித்தாள். கை நழுவியது, அதே வேகத்தில் கதவு திறந்தது, டிரைவர் வெளியே இருந்தாள். வண்டியைச் சுற்றி ஓடி, மதில் ஓரமாக, நின்றிருந்த ஒரு லாரியையும் தாண்டி, தெருவின் பாதி தூரம் போய்த்தான் நின்றாள். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். பிறகு தன் மணிக்கட்டைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வண்டியின் பக்கம் திரும்பவில்லை.

டிரைவர் பக்கத்துக் கதவு தெருவைப் பார்த்து விரியத் திறந்து கிடந்தது. உள்ளே அவள், முன் கண்ணாடி வழியாக அந்த முதுகையே பார்த்தபடி, கியரின் மேல் ஒரு மணிக்கட்டின் அளவுக்கு வளைந்திருந்த விரல்களை இன்னும் நீட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.